இரண்டு எழுத்தும் இரண்டு புள்ளியும்

அன்று காலை ஒன்பது மணிக்கு எங்கள் கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் ‘நானும் இருந்தேன்’ என்று வரக் கூடாது.

நான், இந்தக் குடும்பத்தின் மூத்தவன், காகித ஆலையில் ஆய்வுக்கூடத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன். காலஞ்சென்ற என் தம்பியின் மனைவி, முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவள், இன்றைக்கும் தெருவுக்கே டீச்சர். அவள் மகள், முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு கொடுத்துவிட்டுக் காத்திருப்பவள், வீட்டில் குருவி. நான்காவது, இரவல் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுக்க வந்து, கொடுக்காமலே வாசலில் நின்றுகொண்டிருந்த ஆலையின் பழைய ஸ்டோர்ஸ்காரர். ஐந்தாவது ஆள் கிடையாது. இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறேன்.

போன வாரம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். மேற்கோள் காட்டும் முறையை மாற்றிப் பல்கலைக்கழகம் புதுக் கையேடு ஒன்றை வெளியிட்டது. குருவி சோறு தண்ணீர் இல்லாமல் எட்டு நாள் உட்கார்ந்து, தன் ஆய்வேட்டின் முந்நூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்களையும் புது முறைக்கு மாற்றிக் கொடுத்தாள். இந்த வாரம்தான் படிக்க ஆரம்பிக்கிறவர்களுக்கு இவ்வளவு போதும்.

அந்தக் கையேட்டை நான் முழுதாகப் படித்தேன். படித்துவிட்டுக் கை கழுவினேன். போன பதிப்பில் இருந்த ஊர்ப்பெயர் இதில் வேண்டாமாம். புத்தகம் எந்த ஊரில் அச்சானால் என்ன என்கிறார்கள். தலைப்புக்குப் பின்னால் முற்றுப்புள்ளி இருந்த இடத்தில் காற்புள்ளி. காற்புள்ளி இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. இதற்கெல்லாம் ஒரு குழு உட்கார்ந்து, தேநீர் குடித்து, கையெழுத்தும் போட்டிருக்கிறது. நினைத்தாலே வயிற்றைப் புரட்டியது.

எல்லாவற்றையும்விட மோசம், பெயர் எழுதும் முறை. நாம் எப்படிக் கையெழுத்துப் போடுகிறோம்? அப்பாவின் முதல் எழுத்து முன்னால், நம் பெயர் முழுதாகப் பின்னால். பழைய கையேடு அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. புதுக் கையேட்டுக்கு அது பிடிக்கவில்லை. அப்பாவின் பெயரைக் குடும்பப்பெயராக்கி முழுதாக முதலில் எழுத வேண்டும். ஆசிரியரின் சொந்தப் பெயரை ஒற்றை எழுத்தாக நறுக்கி, புள்ளி வைத்து, பின்னால் ஒட்ட வேண்டும். எங்கள் ஊர் ஆற்றைப் பற்றி முப்பது வருடம் எழுதியவன் என் தம்பி. புதுப் பட்டியலில் பெரிதாக நிற்பது எங்கள் அப்பாவின் பெயர். அவர் ஆற்றில் குளித்ததைத் தவிர அதைப் பற்றி எதுவும் செய்ததில்லை.

அன்று காலை குருவியின் கையில் புறத்தேர்வாளர் அனுப்பிய கடிதம் இருந்தது. ஒரே ஒரு கேள்விதான்.

“படிடி,” என்றாள் டீச்சர்.

“‘மூன்றாம் இயல் முழுவதும் தங்கள் தந்தையின் அளவீடுகளை அடிப்படையாகக் கொண்டுள்ளது. ஆலைக் கழிவால் ஆறு கெட்டது என்று எழுதிய அவரே, அதே ஆண்டில், ஆறு கெடவில்லை என்றும் எழுதியிருப்பதாகத் தங்கள் பட்டியல் காட்டுகிறது. தம் முடிவை அவரே கைவிட்டபின் அதன்மேல் தாங்கள் ஆய்வு எழுப்பியது எவ்வாறு?’”

படித்து முடித்துக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

“அப்பா அப்படி எழுதவே இல்லம்மா. அந்த இன்னொரு கட்டுரை ஏதோ தொழில் மலர்ல வந்தது. ‘மு.ச.’ன்னு மட்டும் போட்டிருக்கும். யாருன்னு தெரியாது. பழைய முறைல அச்சுல இருக்கிறபடியே ‘மு.ச.’ன்னு போட்டிருந்தேன், தனி ஆளா நின்னுச்சு. புது முறைக்கு மாத்தறப்ப மென்பொருள், ‘ஒரே மாதிரி இருக்கும் பெயர்களை ஒன்றாக்கவா?’ன்னு கேட்டுது. முந்நூறு தடவை கேட்டா என்ன செய்ய? ‘எல்லாவற்றுக்கும் ஆம்’னு அமுக்கிட்டேன்.”

“அமுக்கிட்டியா!”

“அமுக்கிட்டேன். அப்பாவுக்கும் மு, ச. அந்த ஆளுக்கும் மு, ச. ரெண்டு பேரையும் ஒரே ஆளாக்கி, வருஷத்துக்குப் பக்கத்துல அ, ஆன்னு போட்டுடுச்சு. அப்பாவோடது அ. அந்தாளோடது ஆ. பாக்கறவங்களுக்கு, முதல்ல கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டு அப்புறம் நாக்கைப் புரட்டின மாதிரி இருக்கு.”

“இன்னைக்கு நாலு மணிக்குள்ள பதில் தரலேன்னா?”

“வாய்மொழித் தேர்வு கிடையாது. மூணாம் இயல் இல்லேன்னா ஆய்வேடே கிடையாது. அஞ்சு வருஷம்மா.”

வாசலில் இருந்து ஸ்டோர்ஸ்காரர் தொண்டையைக் கனைத்தார்.

“தப்பா நெனைக்காதீங்க. நடைப்பயிற்சிக்குப் போற இடத்துலகூட இதே பேச்சுதான். தம்பி கடைசில ஆலை பக்கம் சாஞ்சுட்டாராமே, தான் எழுதினதை தானே இல்லேன்னு எழுதிட்டாராமேன்னு. பல்கலைக்கழகத்துல வேலை பாக்கற யாரோ சொன்னாங்களாம். நான் நம்பலை.”

“நம்பாதவர் ஏன் அதைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா வர்றீர்?” என்றேன்.

“நான் குடையைத்தானே தூக்கிக்கிட்டு வந்தேன்.”

“அதை வச்சிட்டுக் கிளம்பும்.”

அவர் குடையை வைத்தார், கிளம்பவில்லை. டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

“மாமா, நீங்களும் குருவியோட போயிட்டு வாங்க. ஆலை ஆளுங்களை எல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்.”

அவள் குரலில் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்த கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, ‘யார் வந்து போடுறீங்க?’ என்று கேட்பாளே, அந்தக் குரல்.

நான் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். குடும்பத்தின் பெயரைச் சந்திக்கு இழுத்துவிட்ட அந்தக் கையேட்டுக்காரர்களை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் கிளம்பினேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டுப் பிரிவு முதல் மாடியில், கழிப்பறைக்கு அடுத்த அறை. சுவர் முழுக்க அலமாரி. அலமாரி முழுக்க ஒரே நிற அட்டை போட்ட ஆய்வேடுகள். கையேடு மாறியதால் திருப்பி அனுப்பப்பட்டவை தரையில் இடுப்பு உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. ஈரக் காகித நாற்றம். முப்பத்தாறு வருடம் காகிதத்தோடு வாழ்ந்தவன் நான். அது கெட்டுப்போகும் நாற்றம் எனக்குத் தெரியும். மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

மேசைக்குப் பின்னால் இருந்தவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ஸ்கேல்காரர். பக்கத்தின் ஓரத்தில் விட்ட இடத்தைப் பிளாஸ்டிக் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுத்தான் ஆளையே நிமிர்ந்து பார்ப்பார். வரிசையில் காத்துக் கிடந்து மூன்று மணிக்கு நாங்கள் உள்ளே போனபோதும் யாருடைய பக்கத்தையோ அளந்துகொண்டிருந்தார்.

“உக்காருங்க ஐயா. உன் விஷயம்தானேம்மா? பாத்தேன். பட்டியலைத் திருத்தி ரெண்டு பேராப் பிரிச்சுக் கொடுத்துட்டாப் போதும்னு நெனைக்காதே. தேர்வாளர் கேள்வி கேட்டப்புறம் சும்மா பிரிச்சா, மறைக்கிற மாதிரி ஆயிடும்.”

“பின்ன என்ன சார் பண்றது?”

அவர் கையேட்டைப் புரட்டினார். எச்சில் தொட்டுப் புரட்டினார். எனக்கு உடம்பு கூசியது.

“இதோ, இருக்கு. ‘குடும்பப்பெயரும் முன்னெழுத்தும் ஒன்றாக உள்ள இருவர் எனில், இருவரின் பெயரையும் முழுமையாகத் தரலாம்.’ ஆனா ரெண்டு பேருன்னு நிரூபிக்கணும். உங்கப்பா இல்லை. அதனால அந்த இன்னொரு மு.ச. எழுதிக் கொடுக்கணும், ‘நான் வேற ஆள், இது என் கட்டுரை’ன்னு. அவரும் இல்லேன்னா, அவர் யாருன்னு ஐயமறத் தெரிஞ்சவங்க.”

“அவர் யாருன்னே தெரியாதே சார்.”

“அப்ப, உங்கப்பாதான்னு ஆயிடும்.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. எழுந்து நின்றேன்.

“ஏன் சார், ஒரு மனுஷன் முப்பது வருஷம் ஆத்துல இறங்கி, குப்பி குப்பியா தண்ணி எடுத்து, ஒவ்வொரு எண்ணையும் மூணு தடவை சரிபார்த்து எழுதியிருக்கான். அவன் பேரை ஒரு எழுத்தா வெட்டிட்டு, எவனோ எழுதின குப்பையை அவன் தலைல கட்டறீங்களே, இது உங்களுக்கே அசிங்கமா இல்லை? ஒரு மனுஷனோட பேருங்கறது நீங்க ஸ்கேல் வச்சு அளக்கற ஓரமா? என் தம்பி அதை எழுதலை. ஐயத்துக்கு இடமின்றிச் சொல்றேன், அவன் எழுதலை!”

ஸ்கேல்காரர் ஸ்கேலைக் கீழே வைத்தார். அவர் வைத்த சத்தம் எனக்குக் கேட்டது.

குருவி தன் பையிலிருந்து அந்தத் தொழில் மலர்க் கட்டுரையின் நகலை எடுத்திருந்தாள். அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி அதைப் பார்த்தாள்.

“பெரியப்பா.”

“என்ன?”

“நீங்க இப்ப சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க.”

நான் மறுபடி உட்கார்ந்தேன்.

அவள் நகலை மேசைமேல் என் பக்கமாகத் திருப்பி வைத்தாள். முதல் பத்தி. விரல் வைத்துக் காட்டினாள். ‘ஆற்று நீர் எவ்வகையிலும் மாசுறவில்லை என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது.’ மூன்றாம் பத்தியிலும் அதுவே. கடைசி வரியிலும் அதுவே.

“என் கல்யாணப் பத்திரிகைல நீங்க எழுதின முதல் வரி என்ன பெரியப்பா? தண்ணி வரலேன்னு நகராட்சிக்குப் போட்ட மனுவுல? என் பத்தாம் வகுப்பு மார்க்குக்குப் பாராட்டி எழுதின கடுதாசில?”

எல்லாவற்றிலும் நான் அந்தச் சொல்லைப் போட்டிருந்தேன். வாசகர்கள் இந்தத் தொடரின் பழைய அத்தியாயங்களைப் புரட்டினாலும் கிடைக்கும்.

எங்கள் அப்பாவுக்கு ஒரு பிடிவாதம், இரண்டு மகன்களுக்கும் ஒரே எழுத்தில் பெயர் வைத்தார். எனக்கும் ச, தம்பிக்கும் ச. ஆலை மேலாளர் அந்தக் கட்டுரையைக் கேட்டபோது, “முழுப் பேரு வேணாம் சார். எழுத்து மட்டும் போடுங்க” என்றார். ஏன் என்று எனக்குப் புரிந்தது. ஆற்றைப் பற்றி எழுதும் மு.ச. என்றால் ஊருக்கு ஒரே ஆள்தான். என் பேச்சை யார் கேட்பார்கள்? அவன் பேச்சு என்றால் கேட்பார்கள். அண்ணன் தம்பி சண்டை வெளியே தெரியக் கூடாது, குடும்ப மானம் போய்விடும், அதனால்தான் பெயரைப் போடவில்லை என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். இரண்டு எழுத்தும் இரண்டு புள்ளியும் வைத்து அனுப்பினேன்.

கையேட்டுக் குழு இந்த வருடம் செய்ததை நான் அன்றைக்கே, குழு எதுவும் இல்லாமல், தனியாகச் செய்திருந்தேன். காலையிலிருந்து எனக்கு வந்துகொண்டிருந்த குமட்டல் எங்கிருந்து வருகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. ஈரக் காகித நாற்றமும் இல்லை, ஸ்கேல்காரரின் எச்சிலும் இல்லை.

“ஒரு வெள்ளைத் தாள் கொடுங்க,” என்றேன்.

ஸ்கேல்காரர் படிவம் ஒன்றைக் கொடுத்தார். அந்தப் படிவத்திலும் புது முறைதான். ‘குடும்பப்பெயர்’ என்று நீளமாக ஒரு கட்டம். அதற்குப் பக்கத்தில் முன்னெழுத்துக்கு என்று ஒரு சின்னக் கட்டம்.

“இதுல என் பேரு அடங்காது.”

“முன்னெழுத்து மட்டும் போட்டாப் போதும் ஐயா.”

“ஒரு தடவை அப்படிப் போட்டாச்சு. அதான் இங்க வந்து நிக்கறோம்.”

அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, தெரியாது. மேசை இழுப்பறையைத் திறந்து கோடு போடாத தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். “ஓரம் மட்டும் கொஞ்சம் விட்டு எழுதுங்க ஐயா. கோப்புல கட்டணும்,” என்றார். அந்த ஒரு வேண்டுகோளை நான் ஏற்றுக்கொண்டேன்.

நாலு வரிதான் எழுதினேன். அந்தத் தொழில் மலர்க் கட்டுரையை எழுதியவன் நான். என் தம்பி அதை எழுதவில்லை. அச்சாகும் வரை அவனுக்குத் தெரியவும் தெரியாது. அவன் தன் முடிவை எங்கும், எப்போதும் மறுத்ததில்லை. கீழே அப்பாவின் எழுத்தை முன்னால் வைத்து என் பெயரை முழுதாக எழுதினேன்.

குருவி வாங்கிப் படித்தாள். ஒரு இடத்தில் நின்று நிமிர்ந்தாள். நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். அந்த எதிர்பார்ப்பை எழுதவும் கூச்சமாக இருக்கிறது.

“ஏன்னு நான் இப்பக் கேக்கலை,” என்றாள். “நாலு மணிக்கு அப்புறம் கேக்கறேன்.”

மூன்று நாற்பதுக்குக் காகிதம் உள்ளே போயிற்று. ஸ்கேல்காரர் முத்திரை குத்தினார். பிறகு பழக்க தோஷத்தில் ஓரத்தை அளந்தார். சரியாக இருந்தது.

திரும்பி வரும்போது பேருந்தில் இரண்டு இடம் காலியாக இருந்தும் குருவி வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். நாலு மணி ஆயிற்று. நாலரை ஆயிற்று. கேட்கவில்லை.

வீட்டில் டீச்சர் கூடத்தில் அதே நாற்காலியில் இருந்தாள். குருவி செருப்பைக் கழற்றாமலே, “அம்மா, அது பெரியப்பா எழுதினது” என்றாள்.

“தெரியும்.”

“தெரியுமா?”

“உங்கப்பாவுக்கும் தெரியும். மலர் வந்த அன்னைக்கே. முதல் பத்தி படிச்சாரு, சிரிச்சாரு, மூடி வச்சுட்டாரு. ‘அண்ணன் கையெழுத்துப் போட மறந்துட்டான், ஆனா கையெழுத்து வரிக்கு வரி இருக்கு’ன்னாரு.”

நான் டீச்சர் பக்கம் திரும்பினேன்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கடைசி வரைக்கும் எங்கிட்டக் கேக்கவே இல்லையேம்மா அவன்.”

“கேட்டா நீங்க பொய் சொல்ல வேண்டி வரும், அந்தச் சங்கடத்தை உங்களுக்குக் கொடுக்க வேணாம்னாரு.” அவள் எழுந்தாள். “எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை மாமா. இவ்வளவு வருஷம் நீங்க வந்து உக்காந்து சாப்பிடறப்பல்லாம் தட்டை வச்சுட்டு உள்ள போய் நின்னிருக்கேன். பக்கத்துல நிக்கப் பிடிக்காம. நீங்க அதை மரியாதைன்னு நெனச்சுக்கிட்டீங்க.”

நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

குருவி என்னருகே வந்து நின்றாள்.

“ஆத்துத் தண்ணி கெட்டுப்போனது உங்களுக்குத் தெரியாம எழுதினீங்களா, தெரிஞ்சே எழுதினீங்களா? நீங்கதானே ஆய்வுக்கூடத் தலைவர். உங்க அளவீடு என்ன சொல்லுச்சு?”

“அதெல்லாம் இப்ப இல்லைம்மா. பழைய நோட்டெல்லாம் ஆலைக் கொதிகலன்ல போயாச்சு.”

அது உண்மைதான் என்று நான் நம்பினேன். பச்சை அட்டை போட்ட என் நோட்டை எரிக்கச் சொல்லி ஸ்டோர்ஸ்காரர் கையில் கொடுத்தது நானேதான்.

டீச்சர் அலமாரியைத் திறந்தாள். புடவைகளுக்கு அடியில் கையை விட்டாள். எடுத்துக் காட்டவில்லை, அட்டையின் ஒரு மூலை மட்டும் தெரியும்படி வெளியே இழுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பச்சை.

வாசலில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். காலையில் குடையை வைத்தவர் இன்னும் கிளம்பவில்லையா, கிளம்பித் திரும்பி வந்தாரா, எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த நோட்டைப் பற்றி எழுதத்தான் வேண்டும். இன்றைக்கு முடியவில்லை.

ஒன்றை மட்டும் இன்றே சொல்லிவிடுகிறேன். நடைப்பயிற்சி போகும் இடத்திலும் பல்கலைக்கழகத்திலும் ஒரு பேச்சு நடக்கிறது. என் தம்பி ஆலை பக்கம் சாய்ந்து, தன் ஆய்வைத் தானே மறுத்து எழுதினான் என்று. அது தவறு. அவன் எழுதவில்லை. எழுதியவன் நான்.